பெரிய கைக்கு வாங்கிய பட்டை

செய்தித் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, வேகமாக எழுதுவது எப்படி என்றுதான். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வேலையே பழக்கிவிடும். கையில் செய்தி இருந்தும் கொஞ்ச நேரம் எழுதாமல் இருப்பது எப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஏற்காட்டில் அப்படி ஒரு மாலை வந்தது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு மெஷின் பற்றிய செய்தி அது. இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் சேலத்திலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு ஏற்காடு நிருபர். கோடையில் கூட்டம், மழையில் மலைப்பாதைச் சரிவு, மற்ற நாட்களில் காப்பி விலை. இதற்குமேல் மலையிலிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் மதியம் செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல டூப்ளிகேட் பிரஷர் மெஷினால ஒரு பொம்பளை செத்துப் போச்சாமே. வீடியோ ஓடிக்கிட்டிருக்கு. நீ எங்கய்யா இருக்கே?"

வீடியோவைப் பார்த்தேன். கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் கடை முன்னால் ஓர் இளைஞன் நின்றிருந்தான். கறுப்பு ஸ்வெட்டர், ஒல்லியான உடம்பு. கையில் இருந்த மெஷினைத் தூக்கிக் காட்டிக் கத்தினான். "இந்த மெஷின்தாங்க எங்கக்காவைக் கொன்னது. தெனமும் நார்மல் நார்மல்னு காட்டுச்சு. மண்டையில நரம்பு வெடிச்சுச் செத்துட்டாங்க. இந்தக் கடையில யாரும் எதுவும் வாங்காதீங்க." இன்னொரு பத்திரிகையின் இணையப் பக்கம் அதற்குள் 'போலி மெஷினுக்குப் பெண் பலி' என்று போட்டுவிட்டது.

கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. இறந்தவர் பூங்கொடி, நாகலூர்க்காரர், எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். கணவர் சடையன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். பறிப்பில் இருக்கும்போதே பூங்கொடிக்குத் தலைவலி வந்து, வாய் கோணி, கீழே சரிந்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை இறக்கி அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சடையனேதான். பின் இருக்கையில் அக்காவை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவன் தம்பி முருகேசன். வீடியோவில் கத்தியவன் அவன்.

நான் போனபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெடிக்கல்காரர் நின்றிருந்தார். சேலத்திலிருந்து வந்து மலையில் கடை வைத்துப் பிழைப்பவர். வெளியே நாற்பது ஐம்பது பேர். ஒரு போலீஸ் ஏட்டு நடுவில் நின்று, யாரும் கல்லை எடுத்துவிடாதபடி பேசிக்கொண்டே இருந்தார்.

முருகேசனிடம் போய், "தம்பி, இது தப்பாக் காட்டுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அக்கா செத்துப் போச்சே, அது பத்தாதுங்களா?"

"கோர்ட்டுக்குப் போனா பத்தாது. வா, அரசு ஆஸ்பத்திரியில வெச்சே பாத்துடுவோம். தப்புன்னா நான் எழுதறேன், யாரும் அசைக்க முடியாது."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. கூட்டம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது. மெடிக்கல்காரரும் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு ஏட்டின் முதுகை ஒட்டியே நடந்து வந்தார்.

வெளிநோயாளிகள் கூட்டம் கலைந்திருந்த நேரம். நர்ஸ் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கூட்டத்தை வராந்தாவிலேயே நிறுத்தினார். முருகேசனை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்.

"குளுருதுங்க சிஸ்டர். கைய மட்டும் சுருட்டி உட்டுக்கட்டுங்களா?"

"சுருட்டினா அதுவே கையை இறுக்கும். கழட்டு சாமி. கொஞ்ச நேரம் பேசாம உக்காரு."

முதலில் ஆஸ்பத்திரி மெஷின். பிறகு பூங்கொடி வீட்டு மெஷின். சற்று விட்டு மறுபடியும் இரண்டும். இரண்டு முறையும் வீட்டு மெஷின் கணிசமாகக் குறைத்தே காட்டியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். "டூப்ளிகேட்டுதான்" என்று ஒருவர் தெருப்பக்கம் திரும்பிக் கத்தினார். நான் அப்போதே வெளியே வந்து போன் செய்திருந்தால், அன்றைய மாலைக்குப் போதுமான செய்தி என்னிடம் இருந்தது.

நர்ஸ் மட்டும் முருகேசனின் கையில் சுற்றியிருந்த, காற்று ஏறும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முழங்கை மடிப்பிலிருந்து அக்குள்வரை மூடியிருந்தது. சுற்றியது போக ஒரு நீளம் மிச்சம் தொங்கியது. "ஏட்டய்யா, கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

ஏட்டுக்குப் புஜம் பெரியது. பட்டை அவருக்கு அளவாக உட்கார்ந்தது. ஜன்னல் பக்கம் சிரிப்பு எழுந்தது. "ஏட்டய்யாவுக்குன்னே தெச்ச மாதிரி இருக்குது" என்று ஒரு குரல்.

"சிரிக்காதீங்க. அவரும் சிரிச்சா ஏறிடும்" என்றார் நர்ஸ்.

ஆஸ்பத்திரி மெஷினிலும் பெரிய பட்டையை மாட்டிப் பார்த்தார். அந்தக் கையில் இரண்டு மெஷினும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார். "நம்ம விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர்" என்று ஏட்டு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மெடிக்கல்காரர் பையைத் திறந்தார். உள்ளே அதே நிறத்தில் இன்னொரு பட்டை, சின்னது. "மெஷினோட பெட்டியில வந்தது இதுங்க. சடையன் அண்ணன் கைக்கு எட்டலை, காத்து ஏறுறப்பவே பிச்சுக்கிட்டு வந்துச்சு. அதனால சேலத்துல சொல்லிப் பெருசு வரவெச்சுக் குடுத்தேன். சின்னது எனக்கு எதுக்குன்னு என்கிட்டயே குடுத்துட்டாரு."

நர்ஸ் சின்னப் பட்டையை மெஷினில் மாட்டி முருகேசன் கையில் சுற்றினார். இந்த முறை வீட்டு மெஷினும் ஆஸ்பத்திரி மெஷினும் ஒத்துப்போயின.

"மெஷின் நல்ல மெஷினுங்க. பட்டைதான் இந்தக் கைக்குப் பெருசு. ஒல்லியான கையில பெரிய பட்டை கட்டினா கொறச்சுக் காட்டும். குண்டான கையில சின்னப் பட்டை கட்டினா ஏத்திக் காட்டும்" என்றார் நர்ஸ். பிறகு முருகேசனிடம், "உங்கக்கா உன்னாட்டம்தான் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"என்னைவிட ஒல்லிங்க" என்றான் அவன். அதைச் சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கழற்றிய ஸ்வெட்டரை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த மெஷினில் அக்காவுக்கு யார் பார்த்தார்கள், யார் பட்டையைக் கட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

வராந்தாவின் ஓரத்துக்கு என்னை இழுத்துப் போனான். "அண்ணா, இத எழுதாதீங்க."

"கடைக்காரர் தப்பு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே தம்பி."

"மெஷினு கோளாறுன்னே இருந்துட்டுப் போகட்டுமுங்க. மாமா தெனமும் காலையில தனக்குப் பாத்துட்டு, அக்காவுக்கும் பாத்துட்டுத்தான் வண்டி எடுப்பாரு. அவருகிட்ட போயி, நீங்க கட்டுன பட்டையாலதான்னு சொல்லச் சொல்றீங்களா? ஏற்கனவே அந்த மனுசன் சோறு திங்கலைங்க."

மெடிக்கல்காரர் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எம் பேரு போனாப் போகட்டும்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுசன் இல்லீங்க. புள்ளைங்க இங்கதான் படிக்குதுங்க. நாளைக்கு நான் கடை தொறக்கணும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று வரை, நம் வேலை பொய்யையும் உண்மையையும் பிரிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது எளிதான பகுதி. உண்மையே ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரை நொறுக்கும் என்றால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இதை எழுத ஒரு வழி இருந்தது. 'மெஷினில் கோளாறு இல்லை, மருத்துவமனையில் சோதனை' என்று நாலு வரி. கடைக்காரர் பிழைப்பார், சடையனுக்குக் காரணம் தெரியாது. ஆனால் அப்படி எழுதினால், வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி எல்லாருக்கும் அதே பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு, 'மெஷின் சரிதான்' என்று நானே சொன்னதாகிவிடும்.

செய்தி ஆசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடுமையான மனிதர். பக்கம் மூடும் நேரத்தைப் பற்றிச் சத்தம் போடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"புருஷன்கிட்டப் பேசினியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப என்கிட்ட ஏன் பேசிட்டிருக்கே?"

போனை வைத்துவிட்டார்.

தன் வாழ்க்கையில் நடந்த இப்படியொன்றை ஒரு மனிதன் டீக்கடைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்தத் தொழிலில் நான் விதி என்று வைத்துக்கொண்டது ஏறக்குறைய இது ஒன்றைத்தான். முருகேசனிடம் நாகலூருக்குப் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டான். மெஷினும் இரண்டு பட்டைகளும் அவன் மடியில் இருந்தன.

காப்பித் தோட்டத்தை ஒட்டிய வரிசையில் நடுவீடு. உறவுக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். சடையன் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. நாற்காலியின் கைகள் இரண்டும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கடைக்காரரை அடிச்சுட்டாங்களாங்க?" அவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"இல்லைங்க. யாரும் அடிக்கலை."

"அவரு மேல தப்பு கெடையாதுங்க. இவன் சின்னப் பையன், ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டான். அது நொம்ப நல்ல மெஷினுங்க. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாங்குனேன். மணிக்கட்டுல கட்டறது வேண்டாம், கைய ஏத்தி எறக்கி வெச்சா மாத்திக் காட்டும், பொஜத்துல கட்டறதே வாங்குன்னாரு. கை எத்தனை பருமன்னு டேப்பு வெச்சு அளந்து, அதுக்குத் தக்க பட்டை வாங்குன்னாரு. எல்லாம் பாத்துத்தானுங்க வாங்குனேன்." நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்புறம் ஏனுங்க இவளுக்கு மட்டும் தெரியாமப் போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் சோதிக்காத ஒன்று அதில் பாக்கி. நர்ஸ் சொன்னது முருகேசனின் கையை வைத்து. பூங்கொடியின் கையை நான் பார்த்ததில்லை.

"அவங்க கை எத்தனை பருமன் இருக்குங்க?" என்று கேட்டேன்.

கட்டை விரலையும் நடுவிரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினார். "இத்தனைதானுங்க இருக்கும். என்ன தின்னாலும் சதை புடிக்காது. பழக்கூடையைத் தூக்கிட்டு வந்தா கூடை மட்டும் தனியா நடந்து வர்ற மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் புஜத்தை. விரல்கள் அப்படியே வளைந்து நின்றன.

முருகேசன் முன்னால் வந்தான். "மாமா, மெஷினு கோளாறுதான் மாமா. ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டோம்."

"அப்படியாங்க?" என்று சடையன் என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். முருகேசன் கை, ஏட்டு கை, சின்னப் பட்டை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பட்டைதான் பூங்கொடியைக் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சடையன் முருகேசன் கையிலிருந்த பெரிய பட்டையை வாங்கிக்கொண்டார். "அவ சொன்னா. தொளதொளன்னு கெடக்குதுன்னா. நான் இழுத்து இறுக்கிக் கட்டுனேன். ஜீப்புக்கு டயர் மாட்டற மாதிரி மாட்டறயேன்னு சிரிச்சா."

"உடுங்க மாமா."

"மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னா. பறிப்புல ஆம்பளையாளுங்களுக்கு நடுவுல எங்க போயி ஒதுங்கறதுன்னு அழுவா. மெஷினு நார்மல்னு காட்டுச்சு. செரி, அப்ப மாத்திரை எதுக்கு, உட்டுருன்னேன். ஆஸ்பத்திரிக்கும் எதுக்கு ஒரு நாள் கூலிய உட்டுட்டுப் போறே, நாந்தான் தெனமும் பாக்கறேனேன்னேன்."

செய்தியில் நான் என்ன எழுதினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெஷினில் கோளாறில்லை, கடைக்காரர் மீது தவறில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஒருவர் கைக்கு வாங்கிய பட்டை வீட்டில் எல்லார் கைக்கும் ஆகாது, வாங்கும்போது உபயோகிக்கப்போகும் ஒவ்வொருவர் புஜத்தையும் அளந்து, பட்டையில் போட்டிருக்கும் அளவோடு பாருங்கள் என்று எழுதினேன். வாங்கியதும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அங்குள்ள மெஷினோடு ஒத்துப் பாருங்கள், ஸ்வெட்டரின் மேல் கட்டாதீர்கள், மெஷின் என்ன காட்டினாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் எழுதினேன். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பத்தி. அதை யாரும் வெட்டவில்லை. சடையன் பெயர் இல்லை, ஊர் இல்லை. முதல் பக்கத்தில் வர வேண்டியது உள்பக்கத்தில் வந்தது. 'பலி' என்று போட்டவர்களின் செய்தியைத்தான் அதிகம் பேர் படித்திருப்பார்கள்.

ஆனால் அந்த மாலை இன்னும் முடிந்திருக்கவில்லை. பெயர் போடாமல் எழுத சடையனின் சம்மதத்தைக் கேட்டேன். "எழுதுங்க" என்றார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து, பிறகு கழன்று விழுந்தது.

"எங்க மாமா போறீங்க?"

"ராசம்மாவுக்கும் நாந்தான பாக்கறேன்."

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். "காரியம் முடியறதுக்குள்ள அடுத்த ஊட்டுப் படி ஏறக் கூடாது சடையா. என்ன அவசரம்?"

"படி ஏற மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் முருகேசனும் பின்னால் போனோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கடைசி வீட்டின் வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்று கூப்பிட்டார்.

ராசம்மா பூங்கொடியோடு ஒரே வரிசையில் பழம் பறிப்பவர். அவரும் ஒல்லி. தலையில் மப்ளரைச் சுற்றியபடி வாசலுக்கு வந்தவர், சடையனைத் தெருவில் பார்த்ததும் பதறினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எதுக்கு இந்தக் குளுருல எந்திரிச்சு வந்தீங்க? ஆளு உட்டிருந்தா நானே வந்திருப்பனே."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷர் பாத்துக்க. மாத்திரைய நிறுத்தியிருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடு. நான் பாத்துச் சொன்னத வெச்சுக்காத."

"எனக்கென்னங்கண்ணா, நீங்க பாத்தப்பவெல்லாம் நார்மல்தான. உங்க கை ராசியான கைன்னு பூங்கொடி எத்தனை தடவை சொல்லியிருக்கா. நீங்க பட்டையக் கட்டுனாவே பாதி எறங்கிருதும்பா. இப்ப எதையும் மனசுல போட்டுக்காதீங்க. போயிப் படுங்க."

முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சடையன் தெருவில் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"அவளுக்கும் நான் தப்பாத்தான் பாத்தேன் ராசம்மா" என்றார். "நாளைக்குப் போயிரு."